சபை பிரிந்தது, உறவு பிரியவில்லை

சுங்கை பூலோவிலிருந்து கிள்ளான் வரை, ஒரே குடும்பத்தில் மெத்தடிஸ்டும் ஆங்கிலிக்கனும் லுத்தரனும் இருப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. சபை பிளவுபட்டால் உறவும் முறிய வேண்டுமா? தென்னிந்தியாவில் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் பலரைக் கலங்க வைத்தது.

1919இல் தரங்கம்பாடியில் பேராயர் அசரியா முதலியோர் தொடங்கிய ஐக்கிய முயற்சி, 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. அசரியா அதைக் காணவில்லை, 1945இலேயே மறைந்துவிட்டார். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

ஆனால் இன்றைய ஆந்திராவிலுள்ள நந்தியால் வட்டார ஆங்கிலிக்கன்களில் ஆயிரக்கணக்கானோர் சேர மறுத்தனர். ஒன்றுசேர எடுத்த விழாவே ஒரு பிரிவினையும் ஆயிற்று! பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுக்காத போதகரிடம் திருவிருந்து பெறலாமா என்பதுதான் சிக்கல். வெளியிலிருப்போருக்கு இது சின்ன விஷயம், அவர்களுக்கோ மனசாட்சி. லண்டன் எஸ்.பி.ஜி. சங்கமும் இணைந்தவர்களுக்குத் தன் பொது நிதியைத் தர மறுத்தது. கசப்புக்குக் குறைவில்லை.

இந்தக் கசப்பை முன்கூட்டியே உணர்ந்த தலைவர்கள், அமைப்புச் சட்டத்திலேயே ஒரு வாக்குறுதியை எழுதியிருந்தார்கள். பழகாத வழிபாட்டு முறையையோ, மனசாட்சி ஏற்காத ஊழியரையோ எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை என்பதே அது. பெரும்பான்மை பலம் கையிலிருக்கும்போது இப்படி எழுதிக் கொடுக்கப் பெரிய மனது வேண்டும்.

விலகியவர்கள் கல்கத்தா ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயரின் பொறுப்பில் இருந்தார்கள். அவசரப்படுத்தாமல் காத்திருந்ததில் ஒரு தலைமுறை கடந்தது. 1970களில் அவர்களில் பெரும்பகுதியினர் தாமாகவே வந்து இணைந்தார்கள். நந்தியால் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்களில் ஒன்று.