எறும்பின் களஞ்சியமும் சீமையின் சந்தேகமும்



சின்னசேலம் வட்டாரத்தில் மானாவாரி விதைப்பவர்களுக்கு இந்த அனுபவம் இல்லாமல் இருக்காது. மண் காய்ந்திருக்கும்போதே எள்ளையோ சாமையையோ தூவிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மழை பத்து நாள் தள்ளிப்போனால் போதும். வரப்போரமாக ஒரு எறும்புச் சாரி கிளம்பிவிடும். ஆளுக்கு ஒரு விதை. போட்ட விதையில் எத்தனை பங்கு வளைக்குள் போயிற்று என்பது முளைக்கிறபோதுதான் தெரியும்.

எறும்பு தானியம் சேர்க்கிறது என்று நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால், இது உண்மையா, வெறும் கட்டுக்கதையா என்று சீமையிலே படித்தவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் வாதம் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? அந்த வாதம் தீர்ந்ததில் நம் தேசத்து எறும்புகளுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

பைபிளில் நீதிமொழிகள் என்ற பகுதியில், சோம்பேறியே, எறும்பிடம் போய்ப் படித்துக்கொள், அது கோடையிலேயே ஆகாரம் சேர்க்கிறது என்ற பொருளில் ஒரு புத்திமதி வருகிறது. ஈசாப்பு கதையிலும் எறும்பு தானியம் சேர்க்கும். 1747ஆம் வருஷம் இங்கிலாந்தில் வில்லியம் கூல்டு என்ற பாதிரியார் எறும்புகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். நல்ல உழைப்பாளி. புற்றுகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். ஒரு மணி தானியம்கூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் பழங்காலத்தவர் பார்த்தது எதை? எறும்பு வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிற வெள்ளைக் கூட்டுப்புழுவைத் தானியம் என்று நினைத்துவிட்டார்கள் என்பது அவர் தீர்ப்பு. அவருக்குப் பின் வந்த ஐரோப்பிய மேதைகளும் பெரும்பாலும் இதையே சொன்னார்கள்.

ஒரு விஷயத்தில் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. மழைக்கு முன்னால் எறும்பு 'முட்டை' தூக்குகிறது என்று நாமும் சொல்கிறோம். அதில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருப்பது பெரும்பாலும் முட்டை இல்லை. புழுவும் கூட்டுப்புழுவும்தான். நிஜ முட்டை பொடிப்பொடியாக இருக்கும்.

சரி, அவர் எங்கே தவறினார்? இங்கிலாந்து குளிர் தேசம். அங்கத்து எறும்பு குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் முடங்கிக் கிடக்கும். தீனியே வேண்டாம் என்கிறபோது களஞ்சியம் எதற்கு? தன் ஊர் எறும்பை வைத்து உலகத்து எறும்பு அத்தனைக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இங்கேதான் நம் தேசம் கதையில் வருகிறது. கர்னல் ஸைக்ஸ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி பூனாவில் இருந்தவர். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், தரிசு நிலத்தில் கைப்பிடி கைப்பிடியாகப் புல்விதைக் குவியல்களைப் பார்க்கிறார். நூற்றுக்கணக்கான எறும்புகள் வளைக்குள்ளிருந்து நனைந்த விதைகளைத் தூக்கி வந்து வெயிலில் காயப்போடுகின்றன. நம் வீட்டுப் பெண்கள் ஈரம் பட்ட நெல்லைக் களத்தில் பரப்புகிற மாதிரியே! 1835இல் அவர் இதை அச்சில் வெளியிட்டு, அந்த எறும்புக்கு 'முன்யோசனையுள்ளது' என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்தார்.

அடுத்தவர் ஜெர்டான். சென்னை மாகாணத்தில் கம்பெனி டாக்டர். பறவைகளைப் பற்றி எழுதிப் பெரும் பெயர் வாங்கியவர். அவர் 1851இல் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, காரட், தக்காளி விதையைத் தொட்டியில் போட்டால், தொட்டியைக் கட்டித் தொங்கவிடாதபட்சத்தில், ஒரே ராத்திரியில் அத்தனையையும் எறும்பு கொண்டுபோய்விடுமாம். அவர் அறையிலேயே விதைப் பொட்டலங்கள் காலியாகிவிட்டன! தூக்கிப்போன விதையை அவை தின்கின்றனவா என்று தனக்கு நிச்சயமில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். சில வளை வாயில் கிடந்த குவியல் வெறும் உமி என்பதையும் கவனித்துச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு.

இவ்வளவு வந்தும் சீமையில் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. கடைசியில் மாக்ரிட்ஜ் என்ற இளைஞர் பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடல் ஓரத்து மாந்தோன் என்ற ஊரில், வளைகளைப் பொறுமையாகத் தோண்டினார். உள்ளே அறை அறையாக விதை! ஈர மண்ணில் இருந்தும் பெரும்பாலும் முளைவிடவில்லை. தப்பித்தவறி முளைத்ததை எறும்பு முளைக்குருத்தைக் கடித்துவிட்டு வெயிலில் காயவைத்தது. 1873இல் அவர் புத்தகம் வந்தது. ஸைக்ஸ், ஜெர்டான் சொன்னதையும் அதில் சாட்சியாக எடுத்து வைத்தார். வழக்கு ஒருவழியாக முடிந்தது.

நம்முடைய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி இருக்கிறது. எயினர் குடிப் பெண்கள், இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறி, புழுதியில் குளித்து, புல்லரிசியை வாரியெடுத்து நில உரலில் குத்துகிறார்கள். புல்லின் அரிசி செடியின் நுனியில் அல்லவா இருக்கும், பூமிக்கடியில் எப்படிப் போயிற்று? எறும்பு சேர்த்துவைத்ததைத்தான் தோண்டினார்கள் என்று கொள்வதே பொருத்தம். அதாவது, சங்க காலத்தில் எறும்பின் களஞ்சியத்தை நம்பி அடுப்பு எரிந்திருக்கிறது. கூல்டு பாதிரியாருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால், கூல்டு செய்த தவற்றை நாமும் வேறு மாதிரியில் செய்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வளை என்று கண்டால் எந்த எறும்பு என்று பார்க்காமல் மருந்துப் பொடியைக் கொட்டுகிறோம். முன்பெல்லாம் பி.எச்.சி. பொடி. 1997 முதல் அதற்குத் தடை. இப்போது வேறு வேறு பொடிகள். இந்தியாவில் எறும்பு ஒரே ஜாதி இல்லை ஐயா. 2016இல் வெளியான கணக்கில் உள்வகைகளும் சேர்த்து 828! விதை சேர்ப்பது அதில் சில ஜாதிகள்தான்.

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் காட்டுத் தரையில் ஒரு கெஜ இடத்தைக் கால் மணி நேரம் உற்றுப் பாருங்கள். மக்கின இலைக்கடியில் கிடக்கும் பொந்துக் குச்சிக்குள் ஒரு குடும்பம். கல்லைப் புரட்டினால் இன்னொன்று. உளுத்த கட்டையில் வேறொன்று. நம் தேசத்துக் கருப்பெறும்பு ஒன்று வளை வாயைச் சுற்றிப் பறவை இறகு கொண்டுவந்து போடும். இறகில் இறங்கும் பனித்துளியை வறண்ட நாளில் குடிக்கும். மார்க் மொஃபெட் என்ற அமெரிக்கர் 1985இல் இதை எழுதினார். தத்திப் பாயும் நீண்ட தாடை எறும்பு ஒன்று உண்டு. முதலில் விவரித்துப் பெயரிட்டவர் நம் ஜெர்டான்தான். அது மண்ணுக்குள் கூரை வளைந்த அறை கட்டி, சுற்றிலும் இடைவெளி விட்டு, உட்சுவருக்குப் பழைய புழுக்கூட்டையே கிழித்து ஒட்டுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே புகாமலிருக்க அந்த அமைப்பு உதவுகிறது என்று 1994இல் ஒரு ஆய்வுக் குழு எழுதியது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்து முஸ்தாக் அலியும் அதில் ஒருவர். இந்த எறும்புக்கு உங்கள் எள் வேண்டாம். பூச்சியைப் பிடித்துத் தின்பது அது.

விதை சேர்ப்பவை பெரும்பாலும் மர நிழலை விட்டுப் புல் முளைக்கிற வெட்டவெளியில், காட்டோரத்திலும் வரப்பிலும் வளை போடும். அடையாளம் சுலபம்: வளை வாயைச் சுற்றி உமியும் தோலும் குவிந்திருக்கும். ஒரு பிடி அள்ளி ஊதிப் பாருங்கள். பெரும்பாலும் புல்விதை, களைவிதையின் தோல் என்றால் அது உங்களுக்குக் கூலியில்லாத ஆள், விட்டுவிடுங்கள். எள்ளும் சாமையும் நிறைய இருந்தால்தான் யோசனை. அதற்கும் மருந்து வேண்டாம். தூவின கையோடு முள்கொத்தை இழுத்து விதையை மண்ணில் மறையுங்கள். கத்தரி, தக்காளி நாற்றுத் தட்டுகளைக் கால் வைத்த பலகைமேல் ஏற்றி, ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஜெர்டான் தொட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். நமக்கு நாலு கொட்டாங்கச்சி போதும். தண்ணீர் வற்றாமல் தினம் காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.