2 சதவீத சிஎஸ்ஆர் நிதி: சட்டம் சொல்வது என்ன? தாராவி மக்கள் கேட்கக்கூடியது என்ன?

மும்பை: தாராவியை ஒட்டி மித்தி ஆறு ஓடுகிறது. அதன் மறுகரையில் தேசியப் பங்குச் சந்தையும் பெரும் நிறுவனங்களின் அலுவலகங்களும் அமைந்துள்ள பாந்த்ரா - குர்லா வளாகம் உள்ளது. அந்நிறுவனங்களின் லாபத்தில் ஒரு பகுதி சமூகப் பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது 2014 ஏப்ரல் 1 முதல் சட்டக் கடமை. ஆற்றின் இக்கரைக்கு அது வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கூறுகிறதா?

யாருக்குப் பொருந்தும்?

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு பெருநிறுவன சமூகப் பொறுப்பு, அதாவது சிஎஸ்ஆர் பற்றியது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனத்துக்கு இது பொருந்தும். முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தை அந்நிறுவனம் செலவிட வேண்டும். சராசரி லாபம் 40 கோடி ரூபாய் எனில், கடமைத் தொகை 80 லட்சம் ரூபாய்.

இத்தொகை 50 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இயக்குநர்களைக் கொண்ட சிஎஸ்ஆர் குழு அமைக்கப்பட வேண்டும். அதற்கு உட்பட்டிருந்தால் இயக்குநர் குழுவே அப்பொறுப்பை ஏற்கலாம். நாடு முழுவதும் 2014-15இல் ஏறத்தாழ 10 ஆயிரம் கோடி ரூபாயாக இருந்த சிஎஸ்ஆர் செலவு, 2022-23இல் 30 ஆயிரம் கோடி ரூபாயை நெருங்கியது.

எவை கணக்கில் சேரும்?

அனுமதிக்கப்பட்ட பணிகளைச் சட்டத்தின் 7ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. சுகாதாரம், குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி போன்றவற்றுடன் குடிசைப் பகுதி மேம்பாடும் 2014 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. தாராவி போன்ற பகுதிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் பிரிவு இது. காட்கோபர் ஆசாத் நகரில் 2016இல் மும்பை மாநகராட்சியுடன் இணைந்து இந்துஸ்தான் யூனிலீவர் தொடங்கிய 'சுவிதா' மையம், பின்னர் தாராவியிலும் அமைக்கப்பட்டது. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் வசதி, குடிநீர் ஆகியவை ஒரே கட்டடத்தில் உள்ளன.

அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு அளிக்கும் நிதியும் பட்டியலில் உண்டு. மாட்டுங்காவின் வேதித் தொழில்நுட்பக் கழகம் போன்ற கல்வி நிலையங்களுக்கு இது பயன்படக்கூடிய பிரிவாகும்.

எவை சேரா?

வழக்கமான வணிகப் பணி, சொந்த ஊழியர்களுக்கு மட்டுமான நலத்திட்டம், அரசியல் கட்சிக்கு நன்கொடை, விளம்பர நோக்கிலான நிதியுதவி ஆகியவை சேரா. வேறு சட்டங்களின்கீழ் செய்தே தீர வேண்டிய பணிகளும் அவ்வாறே. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் உள்ள செம்பூர் - மாகுல் வட்டாரத்தில், சட்டப்படி கட்டாயமான மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியை ஓர் ஆலை பொருத்தினால் அச்செலவு சிஎஸ்ஆர் ஆகாது. குடியிருப்பு மறுசீரமைப்பை ஒப்பந்தத் தொழிலாக ஏற்கும் நிறுவனத்துக்கும் இதே அளவுகோல்தான்.

கரோனா காலத்தில் இந்த வரையறை விவாதத்துக்கு உள்ளானது. பிஎம் கேர்ஸ் நிதிக்கு அளித்த தொகை சிஎஸ்ஆர் என ஏற்கப்பட்டது. முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தது ஏற்கப்படாது என 2020 ஏப்ரலில் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் விளக்கமளித்தது.

செலவிடாவிட்டால்?

தொடக்கத்தில், 'செலவிடு அல்லது காரணம் கூறு' என்ற அளவிலேயே சட்டம் இருந்தது. 2021 ஜனவரி 22 முதல் நிலை மாறியது. தொடர் திட்டங்களுக்கு ஒதுக்கிச் செலவாகாத தொகையை, நிதியாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் செலுத்தி, 3 நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். பிற தொகையை 6 மாதங்களுக்குள் 7ஆவது அட்டவணையில் உள்ள அரசு நிதிகளில் ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.

தவறினால், மாற்ற வேண்டிய தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றில் குறைவானது நிறுவனத்துக்கு அபராதம். பொறுப்பான அலுவலர் ஒவ்வொருவருக்கும் அத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம் ரூபாய், இவற்றில் குறைவானது. 30 லட்சம் ரூபாயை மாற்றத் தவறிய நிறுவனத்துக்கு அபராதம் 60 லட்சம் ரூபாய். அலுவலருக்கு 2 லட்சம் ரூபாய். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இடம்பெற்ற சிறைத் தண்டனை நடைமுறைக்கு வரவில்லை.

உள்ளூருக்கு முன்னுரிமை

நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று 135ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அது வழிகாட்டுதலே தவிரக் கட்டாயமன்று என 2021 ஆகஸ்டில் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆகவே, பணம் நிறுவனத்தை விட்டு வெளியேறுவதற்குச் சட்டம் கெடு வைத்துள்ளது. அது அண்டைக் குடியிருப்பை அடைவதற்கு வைக்கவில்லை. சிஎஸ்ஆர் நிதியை அதிகம் பெறும் மாநிலம் மகாராஷ்டிரம் என்பது மட்டுமே தாராவிக்கு உத்தரவாதம் ஆகிவிடாது.

பொதுமக்கள் எவற்றைப் பார்க்கலாம்?

இணையதளம் உள்ள நிறுவனம் தன் சிஎஸ்ஆர் கொள்கை, குழு உறுப்பினர்கள், ஒப்புதல் பெற்ற திட்டங்கள் ஆகியவற்றை அதில் வெளியிட வேண்டும். கடமைத் தொகை, செலவு, மீதம், அதற்கான காரணம் ஆகியவை ஆண்டறிக்கையில் இடம்பெறும். நிறுவனம், மாநிலம், மாவட்டம் வாரியான விவரங்கள் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் உள்ளன. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்திலும், செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்திலும் வருவதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிஎஸ்ஆர் நிதியில் உருவாகும் கட்டடம் போன்ற சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்திருக்க முடியாது. பதிவு பெற்ற தொண்டு அமைப்பு, பயனாளிகளின் கூட்டமைப்பு அல்லது அரசு அமைப்பிடமே அது இருக்க வேண்டும். எனவே, தங்கள் தெருவில் சிஎஸ்ஆர் நிதியில் கட்டப்பட்ட கழிப்பறை பூட்டிக் கிடந்தால், அது யார் பெயரில் உள்ளது, பராமரிப்பு யார் பொறுப்பு என்ற இரு கேள்விகளை அப்பகுதி மக்கள் முதலில் எழுப்பலாம்.