எண்ணெய்ப் பனைக் காட்டுக் காய்ச்சல்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலே தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பெயரில் தென்னை இருப்பினும், 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே நட்டது எண்ணெய்ப் பனை. இந்நாட்டில் வாணிகத்திற்கென அப்பனை பயிரானது அதுவே முதன்முறை. பால்மரம் சீவிப் பழகிய நம் மக்களுக்குப் புதிய வேலை வந்தது. பனைத் தோட்டங்கள் பெருகியபோது, அவற்றில் உழைத்தோரிடையே ஒரு கொடுங்காய்ச்சலும் தலைகாட்டிற்று.

இளம் பனைகளுக்கிடையே லாலான் புல் அடர்ந்து வளரும். எலிகள் அங்கே குடியேறும். எலியின் காதுகளில் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். புல் வெட்டச் சென்றவரை அவை கடித்தால், சுமார் பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் பிதற்றலும் காணும். தக்க மருந்தில்லாத அந்நாளில் மாண்டவர் பலர்.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர் ஃபிளெட்சரும் அவர்தம் துணைவரும், நோயாளி எங்கே வேலை செய்பவர் என்று கவனித்தனர். கடைவீதியில் இருப்போருக்கு வருவது ஒன்று, புற்காட்டில் உழைப்போருக்கு வருவது வேறொன்று என்பது புலனாயிற்று. இரத்தச் சோதனையும் அதை மெய்ப்பித்தது. பின்னர் லூத்வெயிட், சவூர் என்னும் இருவர், புற்காட்டுக் காய்ச்சலும் ஜப்பானியர் நெடுங்காலமாய் அறிந்த சுசுகாமுஷி நோயும் ஒன்றே என நிறுவினர்.

அக்கால ஆய்வாளர் இக்கிருமியை ‘வைரஸ்’ என்றும் எழுதினர். உயிரணுவுக்கு வெளியே அது பெருகாது. ஆகவே நோயாளியின் இரத்தத்தை வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றறையில் செலுத்தி, அச்சுண்டெலி நோயுறுவதைக் கொண்டே கிருமியைப் பிடித்தனர். உண்மையில் அது வைரஸ் அன்று. உயிரணுவுக்குள் வாழும் ஒருவகை பாக்டீரியா. இது வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருதற்க. பாக்டீரியாவாக இருந்ததனாலன்றோ, 1948இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் குழுவினர் குளோராம்பெனிகால் கொடுத்தபோது காய்ச்சல் விரைந்து தணிந்தது! இன்று டாக்சிசைக்ளினும் அவ்வாறே பலன் தருகிறது.

எலிகளைக் கொன்றுவிட்டால் நோய் ஒழியுமா? ஒழியாது. தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் கிருமி குஞ்சுக்குச் செல்கிறது. எலி அக்குஞ்சுக்கு உணவும் ஊர்தியுமே. ஆகையால் புதரை வெட்டித் துப்புரவு செய்தலும், உடலை மூடி வேலைக்குச் செல்லுதலும் இன்றியமையாதவை.

இந்நோய் இன்னும் மறையவில்லை. பனைக்காட்டில் இன்று உழைப்போருள் பெரும்பாலோர் பிற நாட்டார். அவருள் ஒருவர் காய்ச்சலோடு வந்தால், “எங்கே வேலை செய்கிறீர்?” என்று முதலிற் கேட்டல் வேண்டும். அக்கேள்வி பிந்தினால் மருந்தும் பிந்தும்.