கடலடிக் கோயிலும் கண்ணாடிக் கண்ணும்

பாடல் பெற்ற தலமாகிய திருக்கோணேச்சரத்துக்குச் செல்லும் அடியார்கள் கோட்டை வாயிலைக் கடந்து, மலையேறி, இறைவனை வணங்கியபின் ஒரு காரியம் செய்யத் தவறுவதில்லை. மலையின் ஓரத்திலே நின்று, கீழே கொந்தளிக்கும் கடலைச் சற்று நேரம் உற்று நோக்குவார்கள். அந்த நீல நீரின் அடியிலே பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு அவர்களுடைய பாட்டன்மார் சொன்னார்கள். கேட்டவர் பலர், ஆனால், 'இதோ பாருங்கள்' என்று பிறருக்குக் காட்டவல்லவர் எவருமிலர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைமை இதுவேயாம்.

1620 களின் முற்பகுதியிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்திற் கோயில் தகர்க்கப்பட்டது. அதன் கற்களுட் பல கோட்டை கட்டப் பயன்பட்டன. கோட்டை வாயிலில் இன்றுங் காணப்படும் இணைக்கயற் சின்னம் அதற்குச் சான்றாகும். வேறு பல கற்கள் மலையிலிருந்து உருண்டு கடலைச் சேர்ந்தன. கரையில் நின்றவற்றை வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர். கடலிற் சேர்ந்தவை கதையாகவே இருந்தன.

1956 ஆம் ஆண்டிலே அக்கதை காட்சியாயிற்று. ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடிவாரத்தில் நீரில் மூழ்கினர். செதுக்கப்பட்ட கற்களையும் தூண் துண்டங்களையும் கண்டனர். கண்டதோடு நில்லாது, நிழற்படமும் பிடித்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' என்னும் கிளார்க்கின் நூலினால் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. கடலடியிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கம் பின்னர்க் கோயிலைச் சேர்ந்தது.

இருவர் மூழ்கினர், படம் பிடித்தனர் என்று ஒரு வரியிற் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட மனித முயற்சி நிற்கின்றது. அம்முயற்சியின் வரலாற்றையே இக்கட்டுரையிற் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

ஒளியைப் பிடித்தல் வேறு. பிடித்த ஒளியைக் காத்தல் வேறு. வெள்ளியின் உப்புக்கள் வெயில் பட்டாற் கறுக்கும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறிஞர் அறிந்திருந்தனர். ஆயின், உருவம் பதிந்த தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் எஞ்சிய உப்பும் கறுத்து, உருவம் மறைந்துவிடும். இதற்குப் பரிகாரம் கண்டவர் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில வானியலறிஞர். சோடியம் தயோசல்பேற்று என்னும் உப்பு வெள்ளி உப்புக்களைக் கரைக்கும் என்பதை அவர் 1819 இற் கண்டறிந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1839 இல், பிரான்சிலே தாகேரும் இங்கிலாந்திலே தல்போற்றும் தத்தம் முறைகளை வெளியிட்டபோது, உருவத்தை நிலைநிறுத்த அவ்வுப்பே உதவிற்று. நம்மூர் ஸ்ரூடியோக்காரர் 'ஹைப்போ' என்று சொன்னது இதனையேயாகும்.

1851 இல் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தட்டிலே கொலோடியன் பூசிப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். தட்டு ஈரமாயிருக்கும்போதே எல்லா வேலையும் முடிய வேண்டும். ஆதலின் படம்பிடிப்போர் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து சென்றனர். 1871 இல் மடொக்ஸ் என்னும் மருத்துவர் ஜெலற்றின் பூசிய உலர்தட்டுக்கு வழிகாட்டினார். 1888 இல் ஈஸ்ற்மன் சுருட் பிலிம் இட்ட கொடக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1893 இல் பேக்லண்ட் ஆக்கிய வெலொக்ஸ் தாளினால், வெயிலுக்குக் காத்திராமல் விளக்கொளியிலேயே படம் அச்சிடுவது எளிதாயிற்று. 1925 இல் வந்த லைக்கா, கையடக்கமான கருவியில் 36 படங்களுக்கு இடந்தந்தது. கூடாரம் பெட்டியாகி, பெட்டி சட்டைப் பையளவாகிய கதை இது.

தரையிலே இவ்வாறிருக்க, நீருக்கடியில் நிலைமை என்ன? 1856 இல் வில்லியம் தொம்சன் என்னும் ஆங்கிலேயர் வேமத்துக் குடாவிலே ஒரு கமராவைப் பெட்டியில் அடைத்து, 18 அடி ஆழத்துக்குக் கயிற்றால் இறக்கினார். பத்து நிமிடங்கள் ஒளி படவிட்டார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது; எனினும் மங்கலாக ஓர் உருவம் கிடைத்தது. அதற்குப் பின், 1864, 65 ஆம் ஆண்டுகளில், ரான்சொனே என்னும் ஒஸ்திரியப் பிரபு நம் இலங்கைக் கடலிலேயே மணிபோன்ற இரும்புக் கூண்டில் இறங்கி, பவளப் பாறைகளைக் கண்டார். அவர் கையிலிருந்தது கமராவன்று, பென்சிலே. கண்டதைக் கையால் வரைவதே அன்று கைகூடிய வழியாயிருந்தது.

கடலடியிற் சுழியோடிச் சீராகப் படம்பிடித்தவர் பிரான்சின் லூயி பூத்தான். 1893 இல் அவர் பான்யூல் கடற்கரையில் சுழியோடியின் கனத்த உடையணிந்து இறங்கினார். சில படங்களுக்கு அரைமணி நேரம்வரை ஒளி தேவைப்பட்டது. மேகமூட்டமான நாளுக்கென ஒட்சிசன் நிரப்பிய பீப்பாயின்மேல் மகனீசியம் எரியும் விளக்கொன்றையும் அமைத்தார். இவ்வளவு பாரத்தையும் கடலுக்குள் இறக்கியவரின் மனவுறுதியை என்னென்பது!

இதன் காரணத்தை நம் இளைஞர் அறிதல் நன்று. நீர் ஒளியை ஒரே சீராக விழுங்குவதில்லை. செந்நிறத்தை முதலில் விழுங்கும். நீலத்தையே ஆழத்துக்கு விடும். ஆகவே, சில பாகம் ஆழத்திற் குங்குமமும் கறுப்பாய்த் தோன்றும். அன்றியும், ஒளி நீரிலிருந்து கண்ணாடியினூடாகக் காற்றுக்குள் வரும்போது வளைகின்றது. நாலடி தூரத்திலுள்ள கல் மூன்றடி தூரத்திலே இருப்பதுபோற் காணப்படும். ஆகையால், உண்மைத் தூரத்தைக் கணித்துக் கமராவைத் திருப்புவோனுக்குத் தெளிவான படம் கிடையாது. தோன்றுந் தூரத்தையே கணிக்கவேண்டும். கண் பொய் சொல்லுமிடத்தில் வில்லையும் அதே பொய்யைச் சொல்லும் என்க.

பூத்தானின் கனத்த உடையிலிருந்து மனிதனை விடுவித்தது 1943 இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் ஆக்கிய மூச்சுக் கருவி. முதுகிலே காற்றுக்கலம் ஏந்தி, மீன்போல் நீந்தலாயிற்று. 1954 இல் ஹான்ஸ் ஹாஸ் என்பவரின் முயற்சியால், றோலிபிளெக்ஸ் கமராவுக்கேற்ற 'றோலிமறின்' என்னும் நீர்புகாப் பெட்டி வந்தது. பன்னிரண்டு படங்கள் முடிந்தால் மேலே வந்து, பெட்டியைத் துடைத்துத் திறந்து, புதுச்சுருள் இட்டு மீண்டும் இறங்கவேண்டும். சுவாமி மலையடியில் வில்சன் மூழ்கியது இத்தகைய காலத்திலேதான். பின்னர் பெல்ஜியத்து டி வூற்றேர்ஸ் வகுத்த 'கலிப்ஸோ', பெட்டியே வேண்டாத கமராவாய் அமைந்தது; ரப்பர் வளையங்களே நீரைத் தடுத்தன. 1963 இல் ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் அதனை 'நிக்கோனோஸ்' ஆக்கிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, வில்சன் இயக்கிய முதலாவது சிங்கள வர்ணப்படமாகிய 'றன் முத்து தூவ' திருமலைக் கடலடிக் காட்சிகளைத் திரையிலே காட்டிவிட்டது.

இனி, கரைக்கு வருவோம். கடலிலிருந்து பிலிம் வந்தவுடன் வேலை முடிந்ததா? இல்லை. பிலிம் கழுவும் மருந்து நீருக்கு மேனாட்டார் விதித்த வெப்பம் பரனைற் 68 பாகை. நம் குழாய் நீரோ பங்குனி வெயிலில் 80 பாகையைத் தாண்டிவிடும். அந்த வெம்மையில் ஜெலற்றின் இளகி, உருவமே கழன்றுவிடும். இதற்காக வெப்பநாட்டு மருந்துகளில் சோடியம் சல்பேற்றைச் சேர்த்து ஜெலற்றின் உப்பாமற் காத்தனர். குறோம் படிகாரத்தால் அதனை இறுக்கினர். ஐஸ் கட்டியைத் தொட்டியருகே வைத்து, வியர்க்க வியர்க்க இருட்டறையில் வேலைசெய்த நம்மூர்த் தொழிலாளரும் இவ்வரலாற்றின் பங்காளிகளே. அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை.

இங்கே எம் வீட்டுச் செய்தியொன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1963 மார்ச் மாதத்துக் குடமுழுக்கு நாளிற் பிடித்த படமொன்று எம்மிடம் உண்டு. எம் பாட்டியார் ஈரச் சேலையுடன் குடமேந்தி நிற்கிறார். ஆண்டுகள் செல்லச்செல்ல அப்படம் மஞ்சளித்து வருகின்றது. முகம் போய்விட்டது, குடம் மாத்திரம் தெரிகின்றது. படத்தைக் கழுவியவர் அவசரத்தில் ஹைப்போவை முற்றாக நீக்காது விட்டிருக்கவேண்டும். அக்காலத்துத் தாளை ஒரு மணி நேரமாவது ஓடும் நீரிற் கழுவினாலன்றி, தங்கிய ஹைப்போ வெள்ளியை மெல்ல அரித்து மஞ்சளாக்கும். உருவத்தைக் காத்த மருந்தே உருவத்தைத் தின்னும் விந்தை இது! யாரையும் நோவதற்கில்லை. இழப்பு எம்முடையது.

எம்முடையது மட்டுமா? 1964 டிசெம்பர்ச் சூறாவளி, நீண்ட போர்க்காலம், 2004 இன் ஆழிப்பேரலை என ஒன்றன்பின் ஒன்றாய் வந்தவற்றால் இம்மாவட்டத்தில் எத்தனை வீடுகளின் அல்பங்கள் அழிந்தன! ஊர்விட்டு ஓடியவர்கள் காணி உறுதியை எடுத்தனர். படத்தை எடுக்கக் கைநேரம் இருந்ததில்லை. எஞ்சியவை சில பெட்டிகளிற் கறையான் வரவை எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

இன்று கைபேசியே கமராவாகிவிட்டது. இருட்டறைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. புகழ்பெற்ற கொடக்குறோம் வர்ணப் பிலிமைக் கழுவும் இடமும் 2010 உடன் இல்லாதொழிந்தது. ஆதலால் நம் சங்கத்து இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். வீடுதோறும் சென்று பழைய படங்களையும் நெகற்றிவ்களையும் கேட்டுப் பாருங்கள். வாங்கிச் செல்லவேண்டா, அங்கேயே பிரதியெடுத்து, உரியவரிடமே கொடுத்துவிடுங்கள். யார், எங்கே, எப்போது என்பதை முதியவரிடம் கேட்டு, படத்தின் பின்னே பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். நெகற்றிவ்களைப் பிளாத்திக்கு உறையில் அடைக்காது, உலர்ந்த கடதாசி உறையில் இடுங்கள்.

கடலடியிற் கிடந்த கல்லைக் காண முந்நூறு ஆண்டுகளும் பல நாட்டு அறிஞரின் உழைப்பும் வேண்டியிருந்தன. நம் அலுமாரியில் உள்ளதைக் காண ஒரு பிற்பகல் போதும். அதையும் இழந்துவிட்டு, நம் பேரர் மலையோரத்தில் நின்று 'கண்டவர் எவர்?' என்று கேட்கும்படி விடலாமா? கோணைநாயகர் திருவருள் துணைநிற்பதாக.