தரங்கம்பாடிக் கோட்டைக் காவலும் தூதரகக் காவலும்

ஒரு நாடு வெளிநாட்டில் உள்ள தன் அலுவலகத்தைக் காக்கத் தன் வீரர்களையே அனுப்புவது இன்று பல இடங்களில் உள்ள ஏற்பாடு. அமெரிக்கத் தூதரகங்களில் மரைன் படை வீரர்கள் காவல் நிற்கின்றனர். ஆப்கானிஸ்தானின் காபூல் நகரில் இந்தியத் தூதரகத்தை இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் பல ஆண்டுகள் காத்தனர். இந்த வீரர்களின் எண்ணிக்கை எப்போதும் குறைவுதான். சுற்றிலும் இருப்பது அயல்நாடு. அப்படியானால் அந்தச் சிலர் நிற்பதால் ஓர் அலுவலகம் எப்படிப் பிழைத்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தரும் ஒரு பழைய நிகழ்ச்சி நம் காவிரிப் படுகையிலேயே நடந்திருக்கிறது. அதன் களம், தஞ்சை நாயக்கர் நாட்டுக் கடற்கரையில் டென்மார்க் நாட்டவர் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை.

தூதரகக் காவல் முறை

முதலில் இன்றைய முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்க வெளியுறவுத் துறையும் மரைன் படையும் 1948 டிசம்பரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 1949 தொடக்கத்தில் முதல் காவலர்கள் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டனர். வர்ஜீனியா மாநிலத்தின் குவாண்டிகோ முகாமில் இவர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. தூதரகத்தின் இரகசிய ஆவணங்களையும் உள்ளிருக்கும் அலுவலர்களையும் காப்பது இவர்கள் வேலை.

தூதரகத்தின் வெளிச்சுவருக்கு அப்பால் உள்ள தெருவைக் காப்பது யார் பொறுப்பு? அது விருந்தோம்பும் நாட்டின் பொறுப்பு. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தூதரக வளாகத்துக்குள் அனுமதியின்றி எவரும் நுழையக் கூடாது. அந்த வளாகத்தைத் தாக்குதலிலிருந்து காக்கும் தனிக் கடமை விருந்தோம்பும் அரசுக்கு உண்டு. இந்தியா 1972இல் தனிச் சட்டம் இயற்றி இந்த உடன்படிக்கையின் முக்கியப் பிரிவுகளுக்கு உள்நாட்டுச் சட்ட வலிமை தந்தது. ஆகத் தூதரகத்துக்கு இரண்டு காவல்கள் உள்ளன. உள்ளே சொந்த வீரர்கள், வெளியே அந்த நாட்டு அரசு.

தஞ்சை நாயக்கர் தந்த இடம்

இந்த இரட்டைக் காவலின் பழைய வடிவத்தைத் தரங்கம்பாடியில் காணலாம். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் காலத்தில், 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. ஓவே கெட்டே என்ற இளம் கடற்படைத் தளபதியின் தலைமையில் 1618இல் கப்பல்கள் புறப்பட்டன. அவற்றின் முதல் இலக்கு இலங்கை. அங்கே எண்ணியது நடக்கவில்லை.

இதற்கிடையில் ரோலண்ட் கிராப்பே என்பவர் முன்னதாக ஒரு கப்பலில் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்திருந்தார். காரைக்கால் அருகே போர்த்துக்கேயர் அந்தக் கப்பலைத் தாக்கி அழித்தனர். தப்பிய கிராப்பேயும் சில மாலுமிகளும் தஞ்சை அரசர் இரகுநாத நாயக்கரின் அவைக்குக் கொண்டுவரப்பட்டனர். உயிர் பிழைத்தவர்கள் அங்கே வணிகத் தூதர்களாக மாறினார்கள். அப்போது நாகப்பட்டினம் போர்த்துக்கேயர் கையில் இருந்தது. தம் கடற்கரையில் இன்னொரு ஐரோப்பிய நாட்டவரும் வணிகம் செய்வது நாயக்கருக்கும் நன்மையாக இருந்தது.

1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிவானது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் செய்யவும் டேனியருக்கு உரிமை கிடைத்தது. அந்த நிலத்துக்கான ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தரங்கம்பாடிக் கோட்டை இன்றைய பொருளில் தூதரகம் அன்று. அது ஒரு வணிகக் கம்பெனியின் தளம். ஆனால் அமைப்பு ஒத்திருக்கிறது. உள்ளூர் அரசரின் இசைவால் கிடைத்த சிறு நிலம், அதற்குள் அயல்நாட்டுக் கொடி, அயல்நாட்டுச் சட்டம், அயல்நாட்டுக் காவல். 1706இல் வந்த சீகன்பால்கு என்ற சமயப் பணியாளரை டேனிய ஆளுநரே இக்கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதம் சிறை வைத்தார் என்பது, உள்ளே யாருடைய அதிகாரம் நடந்தது என்பதைக் காட்டும்.

கோட்டையின் அமைப்பு

டான்ஸ்போர்க் எனப்படும் இக்கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. இரண்டு தளங்கள் கொண்டது. கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், வெடிமருந்துக் கிடங்கு, சிறை, வீரர்கள் தங்கும் இடம் ஆகியவை இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் குருமாரும் தங்கினர். சுற்றிலும் அகழி இருந்தது. இப்போது அது தூர்ந்து மறைந்துவிட்டது. கொத்தளங்களில் பீரங்கிகள் நின்றன. பார்வைக்கு இது வலிமையான காவல்தான். ஆனால் சுவரும் பீரங்கியும் மட்டும் போதுமா என்பதற்குச் சில ஆண்டுகளிலேயே சோதனை வந்தது.

கைவிடப்பட்ட காவல்

ஐரோப்பாவில் நடந்த போர்களால் டென்மார்க் பணத்தட்டுப்பாட்டில் சிக்கியது. 1639இல் புறப்பட்ட கப்பல்களுக்குப் பிறகு 1668 வரை தரங்கம்பாடிக்கு அங்கிருந்து ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. கோட்டையில் இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, மாற்று ஆள் இல்லை, மடல்களுக்கு மறுமொழியும் இல்லை. நோயாலும் முதுமையாலும் ஒவ்வொருவராக இறந்தனர். 1655இல் கோட்டைத் தலைவரும் இறந்தபின் அங்கே எஞ்சிய டேனியர் ஒரே ஒருவர். அவர் பெயர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே. உயர்குடியிலோ பெரிய பதவியிலோ பிறந்தவர் அல்லர்; சாதாரண மனிதர்.

அடுத்த 14 ஆண்டுகள் அந்தக் கொடி இறங்கவில்லை. அது எப்படி நடந்தது? ஒரு மனிதர் ஒரு கோட்டையைத் தனியாகக் காக்க முடியாது. உள்ளூர் மக்களின் துணையோடுதான் கொங்ஸ்பாக்கே காவலை நடத்தினார். கடல்வழி வரவு நின்றிருந்த அத்தனை ஆண்டுகளும் கோட்டைக்குள் உலையேறிய அரிசி கோபன்ஹேகனிலிருந்து வந்ததன்று. நம் ஊர் நெல்லும் நம் ஊர் ஆட்களும் இல்லாமல் அந்தக் கொடி ஒரு பருவம்கூட நின்றிருக்காது.

குத்தகைப் பணம் கட்ட முடியாமல் போனதால் தஞ்சை நாயக்கரின் படைகள் பலமுறை முற்றுகையிட்டன. அப்போது ஆண்டவர் இரகுநாதரின் மகன் விசயராகவ நாயக்கர். கொங்ஸ்பாக்கே வங்கக் கடலில் சென்ற வணிகக் கப்பல்களைப் பிடித்துப் பொருள் சேர்த்தார். இது கொள்ளைதான், வீரக்கதையாகச் சொல்லும்போது இதை மறைத்துவிடக் கூடாது. அந்தப் பொருளைக் கொண்டு ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். ஆனால் மதிலோடு நிற்காமல், நாயக்கருடன் பேசி உடன்பாட்டுக்கும் வந்தார். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. மதில் அவருக்குக் காலத்தை வாங்கித் தந்தது. தொடர்ந்து அங்கே இருக்கும் உரிமையை நாயக்கருடன் ஏற்பட்ட இணக்கமே தந்தது.

மற்ற ஐரோப்பியர் கப்பல்கள் வழியாக அவர் அனுப்பிய செய்திகள் கடைசியில் டென்மார்க்கை அசைத்தன. 1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. கோட்டைத் தலைவராக அவரை உறுதிசெய்யும் அரசு ஆணையும் அதில் வந்தது. 1670இல் கம்பெனி மீண்டும் தொடங்கப்பட்டது.

இசைவு போனால்

பின்னாளில் டேனியர் பகுதி பொறையாறு, தில்லையாடி முதலிய ஊர்களையும் உள்ளடக்கி வளர்ந்தது. ஆனால் தஞ்சை நாட்டில் அதிகாரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், கோட்டையின் நிலையும் மாறியது. 1801இலும் பிறகு 1808இலும் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றினர். இரண்டாம் முறை எடுத்ததை 1815இல்தான் திருப்பித் தந்தனர். 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. அகழியும் பீரங்கியும் அப்போதும் இருந்தன. சுற்றியிருந்த அதிகாரம் மாறியிருந்தது.

இதே பாடத்தை அண்மைக்கால வரலாறும் தருகிறது. 1979 நவம்பர் 4 அன்று ஈரானின் டெஹ்ரானில் கூட்டம் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்தது. மரைன் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசித் தாமதப்படுத்தினர், துப்பாக்கியால் சுடவில்லை. உதவிக்கு வரவேண்டிய ஈரான் அரசின் காவல் வரவில்லை. 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தனர். தூதரகத்தைக் காக்கும் கடமையில் ஈரான் தவறியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1980 மே மாதம் தீர்ப்பளித்தது. சில வீரர்களால் நாட்டையே எதிர்த்து நிற்க முடியாது என்பது அங்கே தெளிவானது.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2008 ஜூலை 7 அன்று காபூல் தூதரக வாயிலில் நடந்த குண்டுவெடிப்பில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் இந்திய அலுவலர்களோடு எல்லைக் காவல் படை வீரர்கள் இருவரும் இருந்தனர். தெருவில் வரிசையில் நின்ற ஆப்கானியப் பொதுமக்களே மிகப் பலர். 2021 ஆகஸ்டில் காபூல் அரசு வீழ்ந்தபோது, இந்திய அலுவலர்களும் காவலர்களும் விமானத்தில் திரும்பினர். விருந்தோம்பிய அரசே இல்லாதபோது உள்காவல் மட்டும் அங்கே நிற்பதில் பொருளில்லை.

உள்ளே நிற்கும் காவலரின் பணி சிறிதன்று. ஆவணங்களை அழிக்கவும், ஆட்களைப் பாதுகாப்பான அறைக்குக் கொண்டுசெல்லவும், உதவி வரும்வரை தாக்குதிப் பிடிக்கவும் அவர்களே வேண்டும். அந்தச் சில மணி நேரத்துக்காகப் பலர் உயிர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உதவி வரவேண்டியது வெளியிலிருந்துதான்.

டான்ஸ்போர்க் கோட்டை இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே செல்லும் மாணவர்கள் மேல்தளத்து ஆளுநர் அறையோடு திரும்பிவிடாமல், கீழே வீரர்கள் தங்கிய அறைகளையும் பாருங்கள். பெயர் தெரியாத உள்ளூர்க் காவலர்களும் கொங்ஸ்பாக்கேயும் சேர்ந்து காத்த கோட்டை அது.