88 நாள் கூலி

பேரன் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறிக்கிறான். பொறியியல் படித்தவன்! "விடுமுறை விசா, தாத்தா" என்றான். விடுமுறையில் என்ன கூலிவேலை என்று தேடிப் படித்தேன்.

1975-இல் பிரிட்டன், கனடா இளைஞர்கள் ஊர் சுற்றியபடியே சம்பாதிக்க வந்த திட்டம். 2005-இல் ஒரு கொக்கி போட்டார்கள்: இரண்டாம் ஆண்டும் தங்க வேண்டுமானால் கிராமப்புறத்தில் மூன்று மாதம், அதாவது 88 நாள், அறுவடை போன்ற வேலை செய்திருக்க வேண்டும். தோட்டங்களுக்கு ஆள் கிடைத்தது. ஆனால் நாள்கணக்கு கெட்டுவிடுமோ என்று, பெட்டிக்கணக்கில் கொடுத்த அற்பக் கூலியையும் பலர் பொறுத்துக்கொண்டார்கள். பெட்டிக்கூலிக்கும் மணிநேரக் குறைந்தபட்சம் உண்டு என்றானது 2022 ஏப்ரலில்தான். இந்தியருக்கு 2024 முதல், குலுக்கலில் ஆண்டுக்கு 1,000 இடம்.

களத்துமேட்டுக் கூலிக்கு என் அம்மா சுவரில் கரிக்கோடு போட்டுவைப்பாள். "வேலை நேரத்தை நீயும் தனியாக எழுதிவை" என்றேன்.

"போனில் எழுதுகிறேன், தாத்தா."