பத்து நிமிட நாட்குறிப்பு: மாணவர்களின் மனத்திடத்துக்கு ஒரு துணை

'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட, 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். விட்டுப்போன பாடத்தை அப்படி எட்டிப் பிடித்துவிடலாம். ஆனால் இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு வேறு சுமையும் உண்டு. மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என இரண்டு புயல்கள் இந்தப் பகுதியைத் தாக்கியதும் நவம்பரில்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரமும் அதுவே.

இந்தச் சுமையை எழுத்தில் இறக்கி வைப்பது பலன் தருகிறதா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், தினமும் 15 நிமிடம் எழுதினார்கள். மனதை உலுக்கிய சம்பவங்களை எழுதியவர்கள் அப்போதைக்குச் சோர்ந்தாலும், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவு. தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயத்தை எழுதிய, பதற்றம் மிகுந்த மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதை 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

நமக்கு இது புதிதல்ல. தன்னைத் தானே கணக்குப் பார்க்கும் 'முஹாஸபா'வின் வேர்ச்சொல்லே 'ஹிஸாப்', அதாவது கணக்கு. பதினோராம் நூற்றாண்டு பக்தாத் அறிஞர் இப்னுல் பன்னாவின் நாட்குறிப்பில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

மஃரிபுக்குப் பிறகு ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும். இன்று வகுப்பில் எது புரிந்தது, எங்கே கவனம் சிதறியது, மனதை எது உறுத்துகிறது, நாளை யாரிடம் என்ன கேட்பேன்? கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் நோட்டு வெறும் புலம்பலாகிவிடும். எழுதத் திணறும் சிறு பிள்ளை படம் வரையட்டும்.

அத்தாவும் அம்மாவும் அனுமதியின்றி அதைப் படிக்கக் கூடாது. எழுத்துப்பிழை திருத்துவதும் வேண்டாம். சிவப்பு மை பட்ட மறுநாளே பிள்ளை உண்மையை எழுதுவதை நிறுத்திவிடும்.

பிள்ளை பல நாட்களாகத் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்தால் நோட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். டெலி மானஸ் இலவச எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.